கம்பு நேப்பியர் புல்லில் இருந்து சர்க்கரை: காரத்தில் முன்பதப்படுத்தும் முறை

நன்றாக முற்றிய தீவனப்புல்லைக் காயவைத்து எடைபோட்டால், ஒரு கிலோவில் ஏறக்குறைய 600 கிராம் சர்க்கரைச் சங்கிலிகளாகவே இருக்கும். செல்லுலோஸ் 35 முதல் 40 சதவீதம், ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 25 சதவீதம். ஆனால் அந்தத் தூளை அப்படியே எடுத்து நொதியில் போட்டு மூன்று நாள் வைத்தாலும், செல்லுலோஸில் கால்பங்குக்கு மேல் குளுக்கோஸாக வெளிவருவது அரிது. மீதியை, செல்சுவருக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் மூடிக்கொண்டிருக்கிறது. அந்த மூடியைத் தளர்த்தும் வேலைக்குத்தான் முன்பதப்படுத்தல் என்று பெயர்.

இதற்கு வழிகள் பல உண்டு: நீர்த்த கந்தக அமிலம், நீராவி வெடிப்பு, அம்மோனியா, சுண்ணாம்பு, வெறும் வெந்நீர். கல்லூரி ஆய்வகத்தில் முதல்முறை தொடங்குபவர்களுக்குக் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) முறையே நல்லது. 121 டிகிரி செல்சியஸ் தரும் சாதாரண ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் சூடேற்றும் கலம்) போதும்; அமில முறைக்கு 140 முதல் 190 டிகிரி தாங்கும் அழுத்தக்கலம் இருந்தால்தான் முழுப் பலன். இதைவிட முக்கியமான காரணம் புல்லின் உடலமைப்பு. நெல், கரும்பு, சோளம், கம்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம். இவற்றின் செல்சுவரில் ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினையும் ஃபெரூலிக் அமிலம் எஸ்டர் பிணைப்பால் கோத்து வைத்திருக்கிறது. எஸ்டர் பிணைப்பைக் காரம் எளிதில் அறுக்கும். போதாக்குறைக்குப் புல்லின் லிக்னின் காரத்தில் கரையும் தன்மையும் உடையது. மரத்தூளில் இதே அளவு காரம் போட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 ரகங்கள் மாடு வைத்திருப்பவர்கள் தோட்டத்தில் கிடைக்கும். வைக்கோலுக்கும் கரும்புச் சக்கைக்கும் இதே படிகள் பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம்.

புல்லைத் தயார் செய்தல்

தீவனத்துக்கு 45 நாளில் அறுக்கும் இளம்புல் நமக்கு உகந்தது அல்ல. அதில் புரதமும் கரையும் சர்க்கரையும் அதிகம், நார் குறைவு. தண்டு தடித்த, 75 முதல் 90 நாள் வயதுள்ள புல்லை எடுங்கள். அறுத்த புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 10 கிலோ பச்சைப்புல் காய்ந்தால் இரண்டு, இரண்டரை கிலோதான் மிஞ்சும். வேர்ப்பக்கத்து மண்ணை நன்றாகக் கழுவுங்கள். மண் ஒட்டியிருந்தால் சாம்பல் அளவு ஏறிவிடும், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கெடும்.

இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி வெயிலில் காயவைத்து, பிறகு 45 டிகிரி அடுப்பில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை வையுங்கள். அவசரப்பட்டு 105 டிகிரியில் மொத்தப் புல்லையும் உலர்த்த வேண்டாம். ஈரப்பதம் அளக்க எடுக்கும் ஒரு கிராம் மாதிரிக்கு மட்டுமே 105 டிகிரி. அந்த மாதிரியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

அரைக்கும்போது 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவு போதும். மாவாக அரைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மாவு வடிதுணியை அடைத்துக்கொள்ளும், பாதி கழுவுநீரோடு ஓடிவிடும். ஓடியதை எல்லாம் "கரைந்த லிக்னின்" என்று கணக்கெழுதிவிடும் ஆபத்தும் உண்டு. 0.2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பொடியை ஒதுக்கிவிடுங்கள்.

பச்சைப்புல்லின் சாற்றில் சுக்ரோஸ் போன்ற சர்க்கரைகள் ஏற்கெனவே இருக்கும். அரைத்த தூளை ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட்டால், பின்னால் அளக்கும் சர்க்கரை செல்சுவரில் இருந்து வந்ததுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் இயைபு, பிறகுதான் பதப்படுத்தல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள் கடைசியில் கையில் ஒரு சர்க்கரை எண்ணை வைத்துக்கொண்டு, அது அதிகமா குறைவா என்று தெரியாமல் நிற்பார்கள். மூலப்பொருளில் செல்லுலோஸ் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எத்தனை சதவீதம் எடுத்தோம் என்று சொல்ல முடியும்.

வழக்கமான முறை இது. 300 மில்லிகிராம் உலர்தூளில் 72 சதவீதக் கந்தக அமிலம் 3 மில்லி விட்டு, 30 டிகிரியில் ஒரு மணிநேரம் அடிக்கடி கிளறிக்கொண்டே வைக்க வேண்டும். பிறகு 84 மில்லி தண்ணீர் சேர்த்தால் அமிலம் 4 சதவீதமாக இறங்கும். அழுத்தம் தாங்கும் மூடியிட்ட குடுவையில் 121 டிகிரியில் ஒரு மணிநேரம். வடிகட்டி நிற்கும் எச்சத்தில் சாம்பலைக் கழித்தால் அமிலத்தில் கரையாத லிக்னின். வடிநீரில் உள்ள குளுக்கோஸை 0.90 ஆல் பெருக்கினால் செல்லுலோஸ், சைலோஸை 0.88 ஆல் பெருக்கினால் சைலான் (புல்லின் ஹெமிசெல்லுலோஸில் முக்கியச் சங்கிலி). சங்கிலி உடையும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து எடை கூடுகிறது, அதற்கான திருத்தமே இந்தப் பெருக்கல்.

பதப்படுத்திய பின் கிடைக்கும் நாருக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

காரத்தில் வேகவைத்தல்

தேவையானவை: 10 கிராம் உலர்எடைப் புல்தூள், 1 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல் 100 மில்லி, 250 மில்லி போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டி, ஆட்டோகிளேவ், தடித்த கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

1. உலர்எடைக்கு ஏற்பத் தூளை நிறுத்துக்கொள்ளுங்கள். தூளில் 8 சதவீதம் ஈரம் இருந்தால் 10 கிராம் உலர்எடைக்கு 10.87 கிராம் எடுக்க வேண்டும்.

2. ஒரு கிராம் காஸ்டிக் சோடா வில்லைகளை வேகமாக நிறுத்துத் தண்ணீரில் போட்டுக் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். வில்லைகள் காற்றில் இருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும். மூடி சரியாக இல்லாத பழைய டப்பாவில் வெளுத்துப் பூத்துக் கிடப்பது பாதி கார்பனேட்டாக மாறிய சரக்கு. அது லிக்னினைச் சரியாகக் கரைக்காது. கரைக்கும்போது சூடேறும். தண்ணீரில்தான் வில்லையைப் போட வேண்டும், வில்லையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

3. தூளையும் கரைசலையும் புட்டியில் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். உலர்ந்த கட்டி எங்கும் இருக்கக் கூடாது. புட்டியில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

4. மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, பருத்தித்துணியும் தடித்த காகிதமும் கட்டி ஆட்டோகிளேவில் வையுங்கள். அலுமினியத் தாளால் மூடாதீர்கள். சூடான காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். அலுமினியப் பிரஷர் குக்கரில் இந்தச் சோதனையை நடத்தவே கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

5. 121 டிகிரியில் 60 நிமிடம். வெப்பம் 121 ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணுங்கள். சூடேற எடுத்த நேரத்தையும் ஆற எடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள்; நிறைய புட்டிகள் அடைத்த நாளில் சூடேற்றமே அரைமணி நீண்டு, முடிவு மாறிவிடும்.

6. அழுத்தம் தானாக இறங்கட்டும். வால்வைத் திறந்து அவசரமாக இறக்கினால் கரைசல் பொங்கிப் பாதி நார் வெளியே போய்விடும்.

ஆட்டோகிளேவ் இல்லையென்றால் இதே கலவையை 60 டிகிரி நீர்த்தொட்டியில் 24 மணிநேரம் வைக்கலாம். லிக்னின் இறங்குவது சற்றுக் குறையும். ஆனாலும் புல்லுக்கு நன்றாகவே வேலை செய்யும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நீற்றிய சுண்ணாம்பை ஒரு கிராம் புல்லுக்கு 0.1 கிராம் வீதம் பயன்படுத்தலாம். சுண்ணாம்பு குறைவாகவே கரையும் என்பதால் அதற்குக் கூடுதல் நேரமும் இடைவிடாத கிளறலும் தேவை.

வைக்கோல் என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதுவும் காரத்தில் கரைந்து கறுப்புநீருக்குள் இறங்கும். அந்த எடையிழப்பை லிக்னின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கழுவுதல்: பாதி வேலை இங்கேதான்

திறந்தால் காப்பிக் கஷாயம் போன்ற கருஞ்சிவப்பு நீர் இருக்கும். கறுப்புநீர் என்று இதைச் சொல்வார்கள். கரைந்த லிக்னினும் கொஞ்சம் சைலானும் இதில் இருக்கின்றன. பி.எச். 12 க்கு மேல் இருக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கழுவும் நேரத்தை மிச்சப்படுத்தப் புட்டிக்குள்ளேயே அமிலத்தை ஊற்றி நடுநிலைப்படுத்துவது. பி.எச். இறங்கினால் கரைந்திருந்த லிக்னின் வீழ்படிவாகி, திரும்ப நாரின் மேலேயே போய் ஒட்டும். ஒரு மணிநேரம் வேகவைத்துப் பிரித்ததை ஒரே நிமிடத்தில் ஒட்டவைத்தது போலாகிவிடும். கறுப்புநீர் முழுதும் வெளியேறும் வரை அமிலம் கிட்டே வரக் கூடாது.

இரண்டு மடிப்பு மல்லுத்துணியில் வடித்துப் பிழியுங்கள். நாரை 60 டிகிரி வெந்நீர் 200 மில்லியில் போட்டுக் கலக்கி மறுபடி வடியுங்கள். இப்படி ஐந்து முதல் ஏழு முறை. முதல் இரண்டு நீரும் பழுப்பாக வரும், பிறகு வெளுக்கும். நிறம் போனதும் நிறுத்திவிடாதீர்கள். நிறமற்ற நீரிலும் காரம் இருக்கும். நாரின் உள்ளே சிக்கிய காரம் மெதுவாகவே வெளிவரும் என்பதால், கடைசிக் கழுவலில் 15 நிமிடம் ஊறவிட்டுப் பி.எச். பாருங்கள். 8 க்குக் கீழே வந்த பிறகு, தேவையானால் மிக நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டு 7 க்கு இறக்கலாம்.

இனி இந்த நாரை உலர்த்தக் கூடாது. செல்லுலோஸ் இழைகளுக்கிடையே தண்ணீர் திறந்துவைத்த நுண்துளைகள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும், மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. நொதி நுழைய இடமில்லாமல் போகும். ஈரநாரைக் கையால் இறுகப் பிழிந்து, காற்றுப் புகாத பையில் 4 டிகிரியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குமேல் வைப்பதானால் பூஞ்சை பிடிக்காமல் கவனிக்க வேண்டும்.

மொத்த ஈரநாரின் எடை, அதில் ஒரு கிராமின் ஈரப்பதம் இரண்டையும் உடனே குறியுங்கள். 10 கிராம் உலர்புல்லுக்கு 5.5 முதல் 6.5 கிராம் உலர்நார் நின்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. 7.5 கிராமுக்கு மேல் நின்றால் காஸ்டிக் சோடா கெட்டுப்போனதா, கழுவல் போதவில்லையா என்று பாருங்கள். 4.5 க்குக் கீழே போனால் நார் துணிவழியே ஓடியிருக்கிறது, அல்லது காரம் அளவு மிஞ்சியிருக்கிறது.

நொதியில் சர்க்கரையாக்குதல்

செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதிகள் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையில் இருந்து வருகின்றன. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படைகளின் கூடாரத் துணியை அரித்த பூஞ்சை அது, துணிநூலும் செல்லுலோஸ்தானே. அந்தப் பூஞ்சையில் இருந்து எடுத்த பழைய வகை நொதிக்கலவைகளில் பீட்டா குளுக்கோசிடேஸ் குறைவு. அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை தேங்கி, செல்லுலேஸையே முடக்கிவிடும். செல்லிக் சி-டெக் 2 போன்ற இன்றைய கலவைகளில் அது ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது.

பி.எச். மாறாமல் காக்கும் கரைசலான 0.1 மோலார் சிட்ரேட் பஃபர் ஒரு லிட்டர்: 21.01 கிராம் சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட்டை 900 மில்லி நீரில் கரைத்து, காஸ்டிக் சோடாவால் பி.எச். 4.8 க்குக் கொண்டுவந்து லிட்டர் ஆக்குங்கள்.

20 மில்லி வினைக்கு ஒரு கிராம் உலர்நார், அதாவது 5 சதவீதத் திண்மம் என்று வைத்துக்கொள்வோம். நாரில் 80 சதவீதம் ஈரம் இருந்தால் 5 கிராம் ஈரநார் எடுக்க வேண்டும். அதோடு 4 மில்லி தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. இதை மறந்து 5 கிராம் ஈரநாரின் மேல் 20 மில்லி திரவம் ஊற்றுவது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்வது. சர்க்கரையின் செறிவு குறைவாகத் தெரியும், காரணம் புரியாது. சரியான கணக்கு: ஈரநார் 5 கிராம், பஃபர் 10 மில்லி, 2 சதவீத சோடியம் அசைடு 0.2 மில்லி, நொதி, மீதிக்குத் தண்ணீர், மொத்தம் 20 மில்லி. பஃபர் பாதியாக நீர்த்து 0.05 மோலாராக நிற்கும்.

நொதி அளவு ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15 வடிதாள் அலகு (வடிதாளை உடைக்கும் திறனைக் கொண்டு நொதியின் வலிமையைச் சொல்லும் அலகு). நாரில் 55 சதவீதம் செல்லுலோஸ் என்றால் நம் ஒரு கிராமில் 0.55 கிராம், ஆக 8.25 அலகு. கையில் உள்ள நொதி மில்லிக்கு 100 அலகு என்றால் 83 மைக்ரோலிட்டர். நொதியை விடுவதற்கு முன்னால் பி.எச். பார்த்தே ஆக வேண்டும். நாரில் ஒளிந்திருந்த காரம் 5.5 க்கு மேலே ஏற்றிவிட்டால் நொதி சோம்பிவிடும்.

அசைடு கிருமி வராமல் காக்கும், ஆனால் கடுமையான நஞ்சு. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு தரும். இந்தச் சர்க்கரையை அடுத்து ஈஸ்ட்டுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அசைடைச் சேர்க்கவே வேண்டாம், ஈஸ்ட்டையும் கொன்றுவிடும். அப்போது நார், பஃபர் இரண்டையும் முதலில் கிருமிநீக்கம் செய்துகொள்ளுங்கள்.

50 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று, 72 மணிநேரம். 6, 24, 48, 72 மணியில் மாதிரி எடுத்து, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து நொதியை நிறுத்தி, சுழற்றித் தெளிநீரை எடுங்கள். கூடவே மூன்று ஒப்பீட்டுக் குடுவைகள் கட்டாயம்: பதப்படுத்தாத புல்லோடு நொதி, நார் இல்லாமல் நொதி மட்டும், நொதி இல்லாமல் நார் மட்டும். நொதிப் புட்டியிலேயே நிலைப்படுத்தச் சர்க்கரை சேர்த்திருப்பார்கள் என்பதால் இரண்டாவதை விடவே முடியாது.

அளப்பதற்குப் பலரும் டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) நிறமாற்ற முறையையே நாடுகிறார்கள்: கொதிநீரில் 5 நிமிடம், 540 நானோமீட்டரில் அளவு. அது குளுக்கோஸையும் சைலோஸையும் பிரித்துக் காட்டாது; மாதிரியில் பழுப்பு நிறம் இருந்தால் அதையும் சர்க்கரையாகவே படிக்கும். இரத்தச் சர்க்கரை பார்க்கும் பரிசோதனைக்கூடங்களில் பயன்படும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் குளுக்கோஸுக்கு நம்பகமானது, விலையும் குறைவு. சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி கிடைத்தால் எல்லாச் சர்க்கரையையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு எடுப்போம். 10 கிராம் புல்லில் செல்லுலோஸ் 36 சதவீதம், ஆக 3.6 கிராம். பதப்படுத்திய பின் நின்றது 6.2 கிராம், அதில் 55 சதவீதம், ஆக 3.41 கிராம். வேகவைத்ததிலும் கழுவியதிலும் 5 சதவீதம்தான் இழந்திருக்கிறோம். லிக்னின் 1.8 கிராமில் இருந்து 0.62 கிராமுக்கு இறங்கியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று.

20 மில்லி வினையில் லிட்டருக்கு 24 கிராம் குளுக்கோஸ் வந்தால் மொத்தம் 0.48 கிராம். 0.90 ஆல் பெருக்கி 0.55 ஆல் வகுத்தால் 78.5 சதவீதம். பெரும்பாலான அறிக்கைகள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. அது நாரில் இருந்து எடுத்த விகிதம்தான். வயலில் இருந்து வந்த புல்லுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் 3.41 இல் 78.5 சதவீதம், அதாவது 2.68 கிராம்; 3.6 கிராமுக்கு 74 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். காரத்தை 2 சதவீதமாகவோ அதற்கு மேலோ கூட்டிக்கொண்டே போனால் முதல் எண் 90 ஐத் தாண்டி அழகாகத் தெரியும். ஆனால் சைலானும் கொஞ்சம் செல்லுலோஸும் கறுப்புநீரில் போய்விட்டிருக்கும். 0, 0.5, 1, 1.5, 2 சதவீதம் என்று ஐந்து அளவில், ஒவ்வொன்றிலும் மூன்று புட்டி வைத்து, புல்லின் மொத்தச் சர்க்கரைக்கு வரைபடம் போடுங்கள். எங்கே வளைவு படுக்கிறதோ அதுவே உங்கள் புல்லுக்கு ஏற்ற அளவு.

குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் கிராமுக்கு 0.51 கிராம் எத்தனால். லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையில் 12 கிராம்தான் வரும், வடித்தெடுக்கும் எரிபொருளுக்கே கட்டுப்படியாகாது. எடையில் 4 சதவீதம் எத்தனாலாவது வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் எல்லை. அதற்குத் திண்மத்தை 15 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்த நிலையில் கலவை களியாக இறுகிக் கிளறவே வராது. நாரை ஒரே தடவையில் போடாமல், முந்தையது கரையக் கரையச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதுதான் வழி. நாரின் சைலானில் இருந்து வரும் சைலோஸைச் சாதாரண ரொட்டி ஈஸ்ட் தொடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கறுப்புநீரும் கழுவுநீரும்

10 கிராம் புல்லுக்கு ஒன்றரை லிட்டர் கழுவுநீர் எளிதாகப் போய்விடும். இதே விகிதத்தில் ஒரு டன் புல்லுக்குக் கணக்குப் போட்டால் 1,50,000 லிட்டர். ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டத்தோடு கட்டப்பட்டது. அந்த அளவில் இப்படிக் கழுவ எந்த ஆறும் தாங்காது. பெரிய ஆலைகள் நீராவியையும் நீர்த்த அமிலத்தையும் நோக்கிப் போவதற்கு இது ஒரு காரணம். காரத்தில் செய்பவர்கள் கடைசிக் கழுவுநீரை அடுத்த தொகுதியின் முதல் கழுவலுக்கு எதிர்த்திசையில் திருப்புகிறார்கள். ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம்: தெளிந்த நான்காம், ஐந்தாம் நீரைச் சேர்த்துவைத்து மறுநாள் முதல் கழுவலுக்கு எடுங்கள். பாதித் தண்ணீர் மிச்சமாகும்.

கறுப்புநீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தனிப் பாத்திரத்தில் சேர்த்து, வெளிக்காற்று வரும் இடத்தில் கிளறிக்கொண்டே நீர்த்த கந்தக அமிலத்தை மெல்லச் சேர்த்துப் பி.எச். 2 க்கு இறக்கினால் லிக்னின் பழுப்புத் தூளாகப் படியும். ஓர் இரவு விட்டு வடித்துக் கழுவிக் காயவைத்தால் எரிபொருளாகவோ அடுத்த ஆய்வுக்கோ உதவும். முதலில் போட்ட லிக்னினில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று நிறுத்துப் பார்த்தால் உங்கள் எடைக்கணக்கும் சரிபார்க்கப்பட்டுவிடும். மேலே நிற்கும் நீரைப் பி.எச். 7 க்கு ஏற்றிய பிறகே கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அதைத் தோட்டத்துக்கு மட்டும் பாய்ச்ச வேண்டாம். நடுநிலையானாலும் அதில் சோடியம் சல்ஃபேட் நிறைய இருக்கும். சோடியம் ஏறிய மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காமல் போகும், அந்த நிலத்தில் புல்கூட ஒழுங்காக வளராது.